கச்சான் காற்றில் கோட்டை பார்த்த நாள்

நீங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தால் எப்படியும் பாஞ்சாலங்குறிச்சிச் சண்டை வந்துவிடுகிறது. அன்றைக்குக் கோட்டையில் பார்த்ததில் எது நன்றாக இருந்தது என்பதுதான் சண்டை. பெரியவன் கொலு மண்டபத்து ஆசனம் என்பான். மகள் சுவரில் இருந்த படங்கள் என்பாள். சின்னவன், தலையை நுழைத்துப் போட்டோ எடுத்த ராஜா பலகையைத் தவிர வேறு எதையும் ஒத்துக்கொள்ள மாட்டான். அன்றைக்கு அவன் இடுப்புப் பிள்ளை, ஆனாலும் நேற்றுப் பார்த்தவன் மாதிரி அடித்துப் பேசுகிறான். அந்த நேரத்தில் உங்கள் அம்மா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். நானும் வாயைத் திறப்பதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது வேறு நாள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு போகிறேன்.

அந்தக் கோட்டை கட்டிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரன் இடித்துத் தரையோடு தரையாக்கின பாளையக்காரர் கோட்டை இருந்த ஊரில், சர்க்கார் புதிதாக ஒரு கோட்டையை எழுப்பி, உள்ளே மண்டபமும் படமும் வைத்திருந்தார்கள். தூத்துக்குடியில் பார்க்காத ஆள் இல்லை என்கிற மாதிரி ஜனம் போய்க்கொண்டிருந்தது. நான் அப்போது பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிட்டங்கியில் தோணிச் சரக்கு எண்ணிவிடுகிற வேலையில் இருந்தேன். கோடை லீவில் கிட்டங்கி ஆட்கள் குடும்பத்தோடு ஒரு நாள் கோட்டை பார்த்து வருவதென்று முடிவானது. கணக்கர் அண்ணாச்சிதான் வேன் பேசினார். ஓட்டப்பிடாரம் பக்கத்து டிரைவர், வழி தெரிந்தவர்.

அன்று காலையில், எல்லாரும் வேனில் ஏறிக்கொண்டிருக்கும்போது, அண்ணாச்சி என்னைக் கிட்டங்கிக்குள் கூப்பிட்டார். சாவியைச் சரிபார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். அவர் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கொழும்பிலிருந்து ஒன்றாகப் பாய் விரித்த இரண்டு தோணியில் ஒன்று முந்தின நாள் சாயங்காலம் கரைக்கு வந்துவிட்டது. மற்றது வரவில்லை. வந்தவர்கள் அதைக் கடைசியாகப் பார்த்தது அதற்கும் முந்தின நாள் இருட்டுகிற நேரத்தில். அன்று இரவு கச்சான், மேற்கேயிருந்து அடிக்கிற காற்று, எழும்பியிருக்கிறது. விடிந்து பார்த்தபோது பக்கத்தில் பாயும் இல்லை, தோணியும் இல்லை.

வராத தோணியில் உங்கள் மாமா இருந்தான். உங்கள் அம்மாவின் தம்பி. அவர்களுடைய அம்மா பிரசவத்தில் இறந்ததால் உங்கள் அம்மாதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவளே அப்போது பாவாடை கட்டுகிற பிள்ளை. தம்பி என்று வாய்தான் சொல்லும், மனசுக்கு அவன் தலைப்பிள்ளை.

மேல்காற்று பலமாக அடிக்கிற மாதங்களில் நம் தோணிகள் கடலுக்குப் போகாது, கரையேற்றி வைத்துவிடுவார்கள். அதற்கு முந்தின கடைசிப் பயணம் அது. காற்று அந்த வருஷம் முன்கூட்டியே எழும்பிவிட்டது.

வீட்டில் எப்படிச் சொல்ல என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். சொல்லக் கூடாது என்றார். எனக்கும் அது தெரியும். தோணி பிந்தினால் முதலில் தண்டல் வீட்டுக்குத்தான் சொல்ல வேண்டும். தோணியை நடத்துகிறவன் தண்டல், அவன் வீட்டுக்குத் தெரியுமுன் அவனுக்குக் கீழே வேலை செய்கிற கலாசி வீட்டில் அழுகுரல் கேட்டால் அது தண்டல் தலையில் பழி போட்ட மாதிரி. நம் தெருவில் இதை யாரும் மீறினதில்லை. தண்டலின் மனைவி ஒரு கல்யாணத்துக்காக மணப்பாட்டுக்குப் போயிருந்தாள். அவளைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது, அவள் வந்து சேரச் சாயங்காலம் ஆகும் என்றார் அண்ணாச்சி.

“அதுவரைக்கும் நீ வாயத் திறக்காத. வேன்ல ஏறாம நின்னியன்னா உன் வீட்டுக்காரிக்கு அப்பமே தெரிஞ்சிரும். ஏறு.”

ஏறினேன்.

உங்கள் அம்மா சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கம் நான் உட்காருகிறேன் என்றேன். சின்னவனுக்கு வாந்தி வரும், காற்று வேண்டும் என்று மறுத்துவிட்டாள். அதுதான் எனக்குப் பயம். அவள் கடற்கரையில் பிறந்தவள், தோணிக்காரன் மகள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டாம். ஊரைத் தாண்டினதும் இரண்டு பக்கமும் பனைதான். அத்தனை பனையும் ஓலையைக் கிழக்கே விரித்துப் போட்டுக்கொண்டு நின்றது, தலைமுடியைப் பிடித்து இழுத்த மாதிரி. வேன் மேற்கே போகப் போக புழுதி நேரே முகத்தில் அடித்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“காத்து எங்கன இருந்து வருது?”

வண்டி ஓடுகிற வேகத்தில் அப்படித் தெரிகிறது, இது வெறும் கரைக்காற்று, வெயில் ஏறினால் அடங்கிவிடும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு முந்தானையால் சின்னவன் முகத்தை மூடிவிட்டாள்.

வேனுக்குள் ஒரே கூத்து. மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவன், ஏணி ஏறும்போதெல்லாம் பாடுகிறவன், கோட்டைக்குள் போனதும் தான்தான் ராஜா, அண்ணாச்சி வரி கேட்டு வருகிற வெள்ளைக்காரன் என்று நடித்துக் காட்டினான். இன்னொருவன், “ஏலே, நீ ராஜான்னா கோட்டைய ஒரு படி அரிசிக்கு அடகு வச்சிருப்பியல” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அன்று முழுக்கச் சிரித்ததுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

கோட்டை வாசல் வெயிலில் பளிச்சென்று நின்றது. பெரியவன் வேன் நிற்குமுன்பே குதித்தான். உள்ளே போனதும் நேரே கொலு மண்டபத்துக்கு ஓடி, ஆசனத்துக்கு முன்னால் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். அதில் உட்காரக் கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டார். சரி, பக்கத்தில் நிற்கலாம் அல்லவா என்று ஒரு ஓரமாக நின்று, வந்துபோகிற பெரியவர்களை எல்லாம் தன் குடிமக்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். பாடுகிற ஆள் வந்து அவன் முன்னால் குனிந்து, “மகாராஜா, மழை தண்ணி இல்ல, வரி குறைக்கணும்” என்றான். குறைக்க முடியாது என்று பெரியவன் பட்டென்று சொல்லிவிட்டான். அதற்கு எழுந்த சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது.

நான் உங்கள் அம்மா எங்கே என்று தேடினேன். எனக்கு ஒரே கவலை அதுதான். வந்திருந்த பெண்களில் யாருக்காவது விஷயம் தெரிந்திருந்து, அவள் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. அதனால் அவளை யாரிடமும் தனியாக விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். கணக்கர் வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, புது மாப்பிள்ளை மாதிரி பின்னாலேயே அலையுதியே என்று கேலி செய்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அவள் மகளோடு படங்களுக்கு முன்னால் நின்றாள். அந்தப் பாளையக்காரர் கதையை முதலிலிருந்து கடைசி வரை சுவரில் வரைந்திருந்தார்கள். மகள் ஒவ்வொரு படத்தின் அடியிலும் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். குதிரை, சண்டை, வெள்ளைக்காரனோடு வாதம், பிறகு கடைசியில் அந்தப் புளியமரம். அவரைத் தூக்கில் போடுகிற படத்துக்கு முன்னால் வந்ததும் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். வேறு பிள்ளையாக இருந்தால் வலித்திருக்குமா, அழுதாரா என்று கேட்டிருக்கும். என் மகள் கேட்டது வேறு.

“அவுங்க வீட்டுக்கு யாரும்மா போய்ச் சொன்னது?”

உங்கள் அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைக் கூப்பிட்டு நுங்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொன்னாள்.

“யாராவது போயிருப்பாங்க மக்கா. போறவுகளுக்குத்தான் கஷ்டம்.”

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

வெளியே வேப்பமர நிழலில் ஒரு போட்டோக்காரர் பலகை வைத்திருந்தார். பலகையில் உருவின வாளோடு ராஜா, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. சின்னவனுக்கு ஓட்டை எட்டவில்லை. நான் பின்னால் நின்று அவனைத் தூக்கிப் பிடித்தேன். முறுக்கு மீசை ராஜா உடம்புக்கு மேலே சளி ஒழுகுகிற முகம் ஒன்று எட்டிப்பார்த்தது. பெரியவனும் மகளும் தரையில் விழுந்து சிரித்தார்கள். போட்டோக்காரர் உங்கள் அம்மாவையும் பக்கத்தில் நிற்கச் சொல்லி, சிரிங்க அக்கா என்றார். அவள் சிரித்தாள். வீட்டில் இருக்கிறதே, அந்தப் போட்டோதான். நன்றாகப் பாருங்கள். வாய் சிரிக்கிறது. கண் பலகையைத் தாண்டி, பனைமரம் நிற்கிற பக்கம் இருக்கிறது.

சாப்பாட்டுக்குக் கோட்டை மதிலின் நிழலில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்த தூக்குச்சட்டிகளை நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். உங்கள் அம்மா புளிச்சோறும் சீலாக் கருவாடு பொரியலும் கொண்டுவந்திருந்தாள். அண்ணாச்சிக்குப் போட்டாள், உங்களுக்குப் போட்டாள், பாடுகிற ஆளுக்கு இரண்டு தரம் போட்டாள். தன் இலையில் போட்ட சோற்றை உருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். காலையிலிருந்தே வயிறு சரியில்லை என்றாள். அவளும் பொய் சொன்னாள், நானும் பொய் சொன்னேன், நடுவில் கருவாடு இருந்தது.

காற்று அடங்கவில்லை. மதிலைத் தாண்டி வந்து இலைகளைப் புரட்டியது. வெயில் ஏற ஏற ஊளை கூடியது. கரையில் இப்படி என்றால் கடலில் எப்படி என்று என் தலைக்குள் ஒரே கணக்கு. பாயைச் சுருட்டியிருப்பானா, பாய்மரம் நிற்குமா, அவன் நீந்துவான், ஆனால் எவ்வளவு நேரம் நீந்துவான். அவன் கடைசியாக வீட்டுக்கு வந்தபோது அவனிடம் நான் என்ன பேசினேன் என்று நினைத்துப் பார்த்தேன். குடை கேட்டிருக்கிறேன். கொழும்பிலிருந்து வரும்போது ஒரு நல்ல குடை வாங்கிவா என்று.

அப்போதுதான் டிரைவர் வந்தார்.

காலையிலிருந்து அவர் தலையில் துண்டால் உருமா கட்டியிருந்தார். இறக்கிவிட்டதும் அவர் எங்கே போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. இப்போது கோட்டை வாசலில், நிலையைத் தாண்டாமல், வெளியே நின்றார். தலை வெறுமையாக இருந்தது. துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டியிருந்தார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். எங்களைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார், ஒன்றும் பேசவில்லை.

பிள்ளைகளே, நீங்கள் அப்படி ஒருவர் வந்து நின்று பார்த்ததில்லை. மாதா உங்களுக்கு அதைக் காட்டாமல் இருக்கட்டும். நம் தெருவில் கடலில் இறந்தவன் வீட்டுக்குச் சொல்ல வருகிறவன் அப்படித்தான் வருவான். தலைத்துண்டு இடுப்புக்கு வந்திருக்கும். வாசலுக்கு உள்ளே காலெடுத்து வைக்க மாட்டான். தானாக வாயைத் திறக்க மாட்டான். வீட்டிலிருந்து ஒருவர் கேட்க வேண்டும், அதற்கப்புறம்தான் அவன் சொல்லலாம். யாருக்கு, என்ன என்றெல்லாம் கேட்பது கிடையாது. கேட்பதற்கு ஒரே கேள்விதான் உண்டு.

கிட்டங்கியிலிருந்து டிரைவருக்கு எப்படியோ செய்தி வந்திருக்கிறது, ஓட்டப்பிடாரத்தில் யாரோ டெலிபோனில் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு நொடியில் மனசு எல்லாவற்றையும் கட்டிவிட்டது. அண்ணாச்சி கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டுவிட்டார். பாடுகிற ஆள் பேச்சை நிறுத்தினான்.

உங்கள் அம்மா சின்னவனை மடியிலிருந்து இறக்கிக் கீழே உட்காரவைத்தாள். எழுந்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு எட்டு முன்னால் போனாள்.

“எந்தக் கரை?”

அந்தக் கேள்விதான் அது. உடல் எந்தக் கரையில் ஒதுங்கிற்று என்பது.

டிரைவர் முழித்தார். “எக்கா?” என்றார்.

“எந்தக் கரைன்னு கேக்கேன். சொல்லுங்க.”

டிரைவர் அண்ணாச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் பின்னால் மறைத்திருந்த கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். இலை ஓரத்தில் சர்க்கரைப் பொங்கல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

“அம்மன் கோயில்ல பொங்கலு குடுத்தாவ. பிள்ளையளுக்குக் குடுப்போம்னு வாங்கியாந்தேன். வார வழியிலதான் நெனப்பு வந்திச்சு, நீங்க வேதக்காரங்க, மாதாவக் கும்பிடுதவிய, வாங்குவியளோ மாட்டியளோ. கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அதான் நின்னேன்.”

அவர் ஊரில் கோயிலுக்குப் போகிறவர் துண்டை இடுப்பில் கட்டுவது சாமிக்கு மரியாதை. கோயிலிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். எங்களுக்கும் அது தெரியாததா. தூத்துக்குடியில் எத்தனை கோயில், எத்தனை துண்டு பார்த்திருக்கிறோம். ஆனால் அன்று அங்கே உட்கார்ந்திருந்த கரைக்காரர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

உங்கள் அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டாள் என்றால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

“வெள்ளன தண்ணி பிடிக்கப் போனேன்லா. குழாயடியில எல்லாரும் குடத்த நகத்தி எனக்கு வழி விட்டாவ. என்னைக்காவது எனக்கு எவளாவது முந்தி விட்டிருக்காளா? சண்ட போட்டுத்தான தண்ணி பிடிப்பேன். இன்னைக்கு ஒருத்தி எங்குடத்தத் தூக்கி விடுதா. எம்மூஞ்சிய ஒருத்தியும் பாக்கல. அப்பமே தெரிஞ்சிட்டு.”

அப்படியானால் ஏன் வேனில் ஏறினாள் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

“வீட்ல இருந்தா அழுதிருவேன். நான் அழுதா அவன் போயிட்டான்னு ஆயிரும்.”

டிரைவர் இன்னும் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி அவரிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னார். கேட்டுவிட்டு அவர் துண்டை அவசரமாக இடுப்பிலிருந்து அவிழ்த்தார். தலையில் கட்டுவதா தோளில் போடுவதா என்று தெரியாமல் கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டார். பாவம், அந்த மனுஷனுக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் அம்மா கையை நீட்டி, குடுங்கண்ணே, பசிக்குது என்று பொங்கலை வாங்கினாள். கணக்கர் வீட்டு அக்கா ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டாள். உங்கள் மூன்று பேருக்கும் ஒரு வாய் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவளே தின்றாள். அன்று அவள் வயிற்றுக்குள் போன முதல் சாப்பாடு அது.

உடனே கிளம்பிவிடலாம் என்றார் அண்ணாச்சி. டிரைவர் வண்டியை எடுக்கப் போய்விட்டார். அவள்தான் வேண்டாம் என்றாள். “பிள்ளையள் பாத்து முடிக்கட்டும். இங்கன இருந்தாலும் அங்கன இருந்தாலும் காத்து ஒரே காத்துதான்” என்றாள்.

அதனால்தான் பழைய கோட்டை இருந்த மேட்டையும் நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் சண்டையில் அந்த மேடு வருவதே இல்லை. அங்கே ஆசனமும் இல்லை, படமும் இல்லை. இடிந்த செங்கலும் மண்ணும் உடைமுள்ளும்தான். பெரியவனும் மகளும் செங்கல் பொறுக்கிக்கொண்டு திரிந்தீர்கள். எனக்குப் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். அவளும் நானும் அந்த மேட்டின் மேல் ஏறி நின்றோம். மறைப்பு ஒன்றும் இல்லாததால் காற்று ஆளையே தள்ளியது. காலையிலிருந்து மூடி வைத்திருந்ததை எல்லாம் அங்கே நின்று வெளிப்படையாகப் பேசினோம். நல்ல கச்சான், நீங்க கரைக்காத்துன்னு சொன்னப்பவே சிரிப்பு வந்துச்சு என்றாள்.

பிறகு அவளே கணக்குப் போட்டாள். நான் கரையில் நின்று சரக்கு எண்ணுகிறவன், அவள் அப்பா தோணி ஓட்டினவர். தண்டல் பழைய ஆள், இந்தக் காற்றுக்கு எதிராக ஏறப் பார்க்க மாட்டான் என்றாள். ஏறினால் மரம் முறியும். பாயைக் குறைத்துக் காற்றோடு ஓட விட்டிருப்பான். ஓடினால் வடகிழக்கே தள்ளும். கீழக்கரை, இல்லாவிட்டால் மண்டபம், அதையும் விட்டால் அக்கரையில் மன்னார். கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். அவள் காட்டின பக்கமெல்லாம் எனக்குப் பனையும் பொட்டலும்தான் தெரிந்தது. அவளுக்குக் கடல் தெரிந்திருக்கும்.

அக்கரைக்கும் போகாமல் நடுவில் தீவுப் பாறையில் ஏறிவிட்டால் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அதையும் அவள் கணக்கில் சேர்த்துத்தான் வைத்திருந்தாள் என்பது அவள் கையை மடக்கிக்கொண்ட விதத்தில் தெரிந்தது.

திரும்பும்போது வேனில் ஒரு சத்தம் இல்லை. நீங்கள் மூன்று பேரும் தூங்கிவிட்டீர்கள். காற்று இப்போது முதுகுப் பக்கம் இருந்தது. டிரைவர் வண்டியை விரட்டினார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர் வந்துவிட்டோம். மணப்பாட்டிலிருந்து தண்டலின் மனைவி வந்திருந்தாள், அவளுக்குச் சொல்லியாகிவிட்டது. உங்கள் அம்மா வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அங்கே போனாள். மற்ற கலாசி வீட்டுப் பெண்களும் வந்தார்கள். எல்லாரும் சுவரோரமாக உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். ஒருத்தி தேம்பத் தொடங்கியதும் உங்கள் அம்மா அவள் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். அவள் நிறுத்திக்கொண்டாள். அந்த வீட்டில் யாரும் அழவில்லை. நான் வாசலில் ஆம்பிளைகளோடு நின்றேன். ஒருவர் மாற்றி ஒருவர் கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

மறுநாளும் அப்படித்தான் விடிந்தது. கிட்டங்கியில் எனக்கு மூட்டை எண்ணிக்கை ஓடவில்லை. அண்ணாச்சி என்னை எண்ண வேண்டாம் என்று சொல்லி டெலிபோன் பக்கத்தில் உட்காரவைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்த கொஞ்ச நேரத்தில் டெலிபோன் அடித்தது. கீழக்கரையிலிருந்து ஒரு சரக்கு ஏஜெண்டு பேசினார். கரகரவென்று இரைச்சல், பாதி கேட்கவில்லை. தோணியின் பெயரைச் சொன்னார். பெரிய பாய்மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு, சின்ன மரத்துக் கிழிந்த பாயோடு காற்றில் ஓடி, அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் மணலில் ஏறியிருக்கிறது. ஊர் ஆட்கள் வடம் போட்டு இழுத்திருக்கிறார்கள். ஆள் எப்படி, ஆள் எப்படி என்று நான் கத்தினேன். ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள், ஒரு பையனுக்கு மட்டும் கயிறு இழுத்து உள்ளங்கைத் தோல் போய்விட்டது, அவன்தான் தூத்துக்குடியில் அக்காவுக்குச் சொல்லுங்கள் என்று தொந்தரவு செய்கிறான் என்றார்.

முதலில் தண்டல் வீட்டுக்கு ஓடினார் அண்ணாச்சி. நான் அந்த வழக்கத்தை எல்லாம் பார்க்கவில்லை. நல்ல செய்திக்கு எவன் வரிசை வைத்தான். தெருவில் ஓடி, வீட்டு வாசலை எட்டினதும் உள்ளே பார்த்து, அவன் உசுரோட இருக்கான்ளா, கீழக்கரையில இருக்கான் என்று கத்திவிட்டேன்.

உங்கள் அம்மா உங்களுக்குச் சோறு போடுவதற்காக அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். அகப்பையோடு எழுந்து நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கினாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அடக்கி வைத்த அத்தனையும் சேர்ந்து வந்தது. எனக்கு ஓடி வந்த இரைப்பில் பேச்சு வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவே காத்துக்கொண்டிருந்த வீடு அது. சத்தம் கேட்டதும் குழாயடியிலிருந்து, எதிர்வீட்டிலிருந்து, சந்திலிருந்து பெண்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வந்த வேகத்தில் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர்களும் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். அவளுக்கோ அழுகையை நிறுத்திவிட்டுச் சொல்ல முடியவில்லை.

அப்போது பெரியவன் சோற்றுக் கையோடு வாசலுக்குப் போய் நின்றான். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் சேலையைப் பிடித்து நிறுத்திச் சொன்னான்.

“மாமா சாகல. மாமா கீழக்கரையில இருக்காங்க.”

ஒருவரும் காதில் வாங்கவில்லை. கடைசியாக வந்த பெரிய பொம்பளை ஒருத்தி மட்டும் நின்று, இரண்டாம் தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். இத முதல்லயே சொல்லக் கூடாதால என்றாள். சொல்லிவிட்டு, அழுதபடி வந்தவள், அழுதபடியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.